விண்ட்சர்ஃபிங் வேகம்: ஜிபிஎஸ்ஸை எங்கே கட்டுவது?

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று கொட்டும்போது பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான மணப்பாட்டில் விண்ட்சர்ஃபிங் செய்பவர்களுக்கும், அதாவது பலகையில் நின்று பாயைப் பிடித்துக் கடலில் ஓடுபவர்களுக்கும், அதுதான் சீசன். பாயைப் பிடித்து நிற்கப் பழகி, பலகை தண்ணீரை விட்டு எழும்பி வழுக்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: எவ்வளவு வேகம் போனோம்? உடனே எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதை எங்கே கட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சுமாரான கருவியைச் சரியான இடத்தில் கட்டினால், விலை கூடிய கருவியை இடுப்புப் பைக்குள் போட்டு எடுத்த எண்ணைவிட நம்பகமான எண் கிடைக்கும்.

கருவி வேகத்தை எப்படிக் கணக்குப் போடுகிறது

இது தெரியாமல் கட்டும் இடத்தைப் பற்றிப் பேச முடியாது, ஆகவே கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கருவி வேகத்தை இரண்டு வழிகளில் சொல்லலாம். ஒன்று, இந்த நொடி இருக்கும் இடத்தையும் போன நொடி இருந்த இடத்தையும் கழித்துப் பார்ப்பது. இதில் ஒரு மீட்டர் பிசகினாலே வேகம் ஏறக்குறைய 2 நாட் தப்பாகிவிடும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) இன்னொன்று டாப்ளர் முறை. செயற்கைக்கோள் அனுப்பும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதை நோக்கி நீங்கள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அந்த அலைவரிசை ஐந்து ஹெர்ட்ஸ் சொச்சம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தை அளந்து வேகத்தைச் சொல்வதுதான் டாப்ளர். இடத்தைக் கழித்துப் பார்ப்பதைவிட இது பல மடங்கு துல்லியமானது. வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் டாப்ளர் வேகத்தைப் பதிவு செய்யும் கருவியைத் தேடுவது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. முதலாவது, கருவிக்கு வானம் தெரிய வேண்டும். இந்த அலை உப்புத் தண்ணீரை ஊடுருவாது. சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே செத்துவிடும். நம் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான், அதுவும் மறைக்கும். இரண்டாவது, கருவி அளப்பது உங்கள் வேகத்தை அல்ல, அது கட்டியிருக்கும் இடத்தின் வேகத்தை. கையை அரை நொடியில் அரை மீட்டர் முன்னால் வீசினால், பலகை அசையாமல் நின்றாலும் கைக்கு 2 நாட் வந்துவிடும். ஓடும்போது வீசினால் அது ஓட்டத்தின் வேகத்தோடு சேரும்.

வானம் தெரிய வேண்டும், தேவையில்லாமல் ஆடக் கூடாது. இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்க்கலாம்.

இடுப்பு, ஹார்னஸ் பை

வேண்டாம். ஹார்னஸ் என்பது பாயின் இழுப்பை உடம்பில் தாங்க இடுப்பில் கட்டும் பட்டை. அங்கே வைத்தால் உடம்பு ஒரு பக்கத்தை மறைக்கும், தெறிக்கும் தண்ணீர் மீதியை மறைக்கும். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹார்னஸுக்குள் செருகுவதுதான் புதியவர்கள் முதலில் செய்வது. வரைபடத்தில் கோடு ஏதோ வரும், வேகம் மட்டும் உருப்படியாக வராது.

மணிக்கட்டு

ஜிபிஎஸ் வாட்ச் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் கட்டுகிறார்கள். நேராக ஓடும்போது இது அவ்வளவு மோசமில்லை. பூமை, அதாவது பாயின் குறுக்கே கையால் பிடிக்கும் கம்பை, மேலிருந்து பிடித்தால் வாட்சின் முகம் மேலே பார்த்துத்தான் இருக்கும், கையும் பூமில் நிலையாக இருக்கும். கோளாறு மற்ற நேரங்களில்தான் வரும். பாயை இழுத்து இழுத்துப் பம்ப் செய்யும்போது மணிக்கட்டுதான் உடம்பிலேயே அதிகம் ஆடுகிறது. திரும்பும்போது கை பூமின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது. விழும்போது கை முதலில் தண்ணீரை அடிக்கிறது. தண்ணீரில் கிடந்து பாயைத் தூக்கும்போது மணிக்கட்டு உள்ளே போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் சிக்னல் அறுந்து, மறுபடி பிடிக்கும் கணத்தில் கருவி ஏதாவது உளறும். அந்த உளறல்தான் பல பேருடைய ‘உச்ச வேகம்’.

வாட்ச்தான் இருக்கிறது என்றால் அதைப் புஜத்துக்கு ஏற்றுங்கள். நீளமான வெல்க்ரோ பட்டி வாங்கி மாட்டினால் போதும். நீச்சல் மோடில் மட்டும் ஓட வேண்டாம். கை தண்ணீருக்குள் போய்ப் போய் வரும் என்று எதிர்பார்த்து அந்த மோட் கணக்கை மழுப்பிவிடும். விண்ட்சர்ஃபிங் மோட் இருந்தால் அது, இல்லாவிட்டால் தரையில் ஓடும் வேறு ஏதாவது திறந்தவெளி மோட்.

புஜம்

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, கையின் வெளிப்பக்கம், தசை உருண்டு நிற்கும் இடத்தில். முழங்கைக்குக் கீழே உள்ள ஆட்டம் இங்கே வராது. விழுந்தாலும் மணிக்கட்டைவிடத் தாமதமாக மூழ்கி, முந்தி வெளியே வரும். தண்ணீரில் மிதந்து காற்றுக்குக் காத்திருக்கும்போதும் தோள் வெளியே நிற்கும். குறை என்று சொன்னால், ஒரு பக்கம் ஓடும்போது தலையும் உடம்பும் வானத்தில் ஒரு துண்டை மறைக்கும். அது பெரிய நஷ்டமில்லை.

அதற்கு நம் ஊர் இருக்கும் இடமும் ஒரு காரணம். நாம் பூமத்தியரேகையிலிருந்து வடக்கே 8 டிகிரியில் இருக்கிறோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதை பூமத்தியரேகைக்கு 55 டிகிரி சாய்வு. வடக்கே வெகுதூரம் உள்ள நாடுகளில் வட வானத்தில் கோளே வராத ஒரு பள்ளம் இருக்கும். நமக்கு வடக்கு, தெற்கு, தலைக்கு மேல் என்று எல்லாத் திசையிலும் கோள்கள் வந்து போகின்றன. ஒரு பக்கம் மறைந்தாலும் இன்னொரு பக்கம் போதுமான அளவு இருக்கும்.

எந்தக் கை? ஓட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வலக்கைக்காரர் இடப் புஜத்தில் கட்டினால் பொத்தானை அமுக்க வசதி.

தலை, தோள் உச்சி, முதுகு

வானம் தெரிவதில் தலைக்கு நிகர் இல்லை. ஹெல்மெட் போடுபவர்கள் அதன் பின்பக்கச் சரிவில், உச்சிக்குச் சற்றுப் பின்னால் வைக்கலாம். நட்ட நடு உச்சியில் கனமான கருவியை வைக்காதீர்கள். பலகையோ மாஸ்டோ (பாய்மரம்) வந்து இடித்தால் அடி அந்தக் கருவி வழியாக மண்டைக்குத்தான் இறங்கும். தீப்பெட்டி அளவுக் கருவி என்றால் தொப்பிக்குள்ளேயே அடங்கும். துணி அலையை மறைக்காது. ஆனால் நனைந்து தண்ணீர் கோத்து நிற்கும் தடித்த துணி கொஞ்சம் குடிக்கும், ஆகவே மெல்லிய தொப்பியாக இருக்கட்டும். தலையை அடிக்கடி திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த அசைவு வேகத்தில் பெரிதாகத் தெரியாது.

லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டி நல்ல இடம். பட்டியின் மேல் பக்கம் வானத்தைப் பார்த்தபடி கட்டிவிட்டால் புஜத்துக்கு ஈடாக வேலை செய்யும். முதுகை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். சைக்கிள்காரர்களும் ஓட்டக்காரர்களும் முதுகுப் பையில் வைத்து நன்றாகத்தானே அளக்கிறார்கள் என்று தோன்றும். நாம் ஓடும் விதம் வேறு. ஹார்னஸில் தொங்கிக் காற்றுப் பக்கமாகச் சாயும்போது நம் மார்புதான் வானத்தைப் பார்க்கும், முதுகு தண்ணீரைப் பார்க்கும். எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு சாய்வோம். அளக்க வேண்டிய நேரத்தில்தான் முதுகுக் கருவிக்கு வானம் குறையும்.

பூம், மாஸ்ட், பலகை

ஓடிக்கொண்டே எண்ணைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பூமில் மாட்டுவார்கள். பார்ப்பதற்கு அது சரி, பதிவுக்கு அது சரியில்லை. பாயின் பாலியெஸ்டர் படலம் அலையை விட்டுவிடும். கார்பன் மாஸ்டும் கார்பன் பூமும் மறைக்கும், திருப்பியும் அடிக்கும். விழுந்தால் பாயோடு தண்ணீருக்கு அடியில் போய்விடும். பம்ப் செய்யும் ஆட்டமும் முழுசாக அதில் ஏறும். காசிருந்தால் பூமில் ஒன்று பார்ப்பதற்கு, புஜத்தில் ஒன்று பதிவுக்கு. காசில்லாவிட்டால் பூமை விட்டுவிடுங்கள்.

பலகையில் மாட்டுவது கேட்க நியாயமாக இருக்கும், ஓடுவதே அதுதானே. ஆனால் முன்னால் வைத்தால் ஓயாமல் தண்ணீர் தெறிக்கும், சின்ன அலையில் தடதடவென்று ஆடும், பலகை கவிழ்ந்தால் சிக்னல் போச்சு. மாஸ்ட் வந்து விழும் வட்டத்துக்குள் இருந்தால் கருவியும் போச்சு.

வேகம் பார்க்கும் கருவியைப் புஜத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் விசாரித்தார். அவன் இந்த வானக் கணக்கை எல்லாம் நீட்டி முழக்கிச் சொல்ல, அவர் தலையை நிமிர்த்தாமலே, “வள்ளத்துல நாங்களும் ஜிபிஎஸ் வச்சிருக்கோம்லா. வானம் தெரியாத எடத்துல வச்சா அது என்னத்தப் பாக்கும்?” என்றார். விஷயம் அவ்வளவுதான்.

கட்டும் முறை

முதலில் முழுக்கை ரேஷ் கார்டை (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) போட்டுக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு அது எப்படியும் வேண்டும். பட்டியை வெறும் தோலில் கட்டினால் உப்பும் வியர்வையும் சேர்ந்து அரை மணி நேரத்தில் உரித்துவிடும்.

கருவி தனியே நீர் புகாததாக இருந்தாலும் சின்ன உறைக்குள் போடுவது நல்லது. உறைக்குள் கொஞ்சம் காற்று விட்டு மூடுங்கள், தொலைந்தால் மிதக்கும். திரை வெளியே பார்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் ஆன்டெனா திரைப் பக்கம்தான் இருக்கிறது. திரையைக் கைப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டால் அது உங்கள் தசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பட்டியைக் கையை மடக்கி, தசையை இறுக்கிய நிலையில் கட்டுங்கள். கையைத் தொங்கவிட்டு இறுக்கிக் கட்டினால், பூமைப் பிடித்து இழுக்கும்போது புஜம் புடைத்து ரத்த ஓட்டம் தடைபடும்; பத்து நிமிஷத்தில் விரல் மரத்துப்போகும். மடக்கிய நிலையில் ஒரு விரல் உள்ளே நுழைந்தால் சரியான இறுக்கம். பிறகு கையை வேகமாக உதறிப் பாருங்கள். உறை சுழன்று கைக்கு அடிப்பக்கம் போனால் கட்டு தளர்ச்சி. அதற்கு நல்ல மருந்து சைக்கிள் டியூப். திசையன்விளையிலோ வள்ளியூரிலோ எந்த சைக்கிள் கடையிலும் பழைய டியூப் கிடைக்கும். மூன்று விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி முதலில் அதைப் புஜத்தில் ஏற்றி, அதன்மேல் பட்டியைக் கட்டினால் ரப்பர் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. அகலமான டியூப் வேண்டும், உங்கள் புஜத்தைப் பொறுத்துப் பைக் டியூப்பாகவும் இருக்கலாம்.

கடைசியாகப் பாதுகாப்புக் கயிறு. வெல்க்ரோவை மட்டும் நம்பாதீர்கள், நனைந்து மணல் ஏறினால் அது பிடியை விட்டுவிடும். மெல்லிய நைலான் கயிற்றின் ஒரு முனையை உறையிலும் மறு முனையை லைஃப் ஜாக்கெட்டின் பட்டியிலும் முடியுங்கள். தங்கூசி (தூண்டில் நரம்பு) வேண்டாம். உறுதியாக இருக்கும், ஆனால் இழுபட்டால் தோலை அறுக்கும். கயிறு பூமில் மாட்டாத அளவு குட்டையாக, கையை முழுதாக நீட்டினால் இழுக்காத அளவு நீளமாக இருக்க வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்

பாய் கட்டத் தொடங்கும்போதே கருவியைப் போட்டு, வெட்டவெளியில் மணலில் வைத்துவிடுங்கள். பனைமரத்தடி, கோவில் சுவரோரம், ஷெட் எதுவும் வேண்டாம். ஒரு கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு தடவை சொல்லும், எல்லாக் கோள்களின் பட்டியலையும் சொல்லி முடிக்க பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். பாய் கட்டி முடிப்பதற்குள் கருவி நிதானமாகக் கேட்டு முடித்திருக்கும். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு வையுங்கள், ஆடி வெயிலில் கருப்பு நிறக் கருவி கொதித்துவிடும்.

பதிவு இடைவெளியை ஒரு நொடியாகவோ அதைவிடக் குறைவாகவோ வையுங்கள். ‘ஸ்மார்ட்’ பதிவு என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். தனக்கு வேண்டிய புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வீசிவிடும். தானாக நிற்கும் வசதியையும் அணையுங்கள். தொடுதிரை இருந்தால் பூட்டுங்கள். ஈரம் பட்டாலே விரல் என்று நினைத்துப் பதிவை நிறுத்திவிடும் வாட்ச்கள் உண்டு.

இன்னொன்று. ஜிபிஎஸ் என்பது கேட்கும் கருவி, அதில் பிரச்சினை இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு. அவற்றை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று கட்டிக்கொண்டு கடலில் இறங்காதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் பக்கமும் பலகையோடு தலை வைக்க வேண்டாம்.

ஓடும்போது

திரையைப் பார்க்காதீர்கள். புஜத்தில் கட்டச் சொல்வதில் இது ஒரு கூடுதல் லாபம், பார்க்கவே முடியாது. மணப்பாட்டில் சிலுவைக் கோவில் இருக்கும் மணல்மேடு தெற்கிலிருந்து வரும் அலையைத் தடுப்பதால் அதற்கு வடபுறம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். வேகத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் நம் கரை கிழக்குப் பார்த்தது. கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) பலக்க அடிக்கும்போது கரையோரம் தண்ணீர் சமர்த்தாகத் தெரியும், காற்று மட்டும் ஆளை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏதாவது உடைந்தால் கரை தானாக வராது. தனியாகப் போகாதீர்கள். வலை எங்கே கிடக்கிறது, வள்ளம் எந்த நேரம் வரும் என்பதைக் கரையில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வேகம் பார்க்கிறேன் என்று கரையைவிட்டு நீள நீளமாக ஓடுவதைவிடக் கரைக்கு இணையாக ஓடித் திரும்புவது நல்லது.

எண்ணைச் சலிப்பது

வீட்டுக்கு வந்ததும் உச்ச வேகத்தைப் பார்த்துத் துள்ள வேண்டாம். வரைபடத்தை விரித்து, அந்த உச்சம் எப்படி வந்தது என்று பாருங்கள். உண்மையான ஓட்டம் 18, 20, 21, 23, 24 என்று ஏறி, சில நொடி அங்கேயே நின்று இறங்கும். 22-லிருந்து ஒரே நொடியில் 36-க்குத் தாவி அடுத்த நொடி 7-க்கு விழுந்தால் அது வேகம் அல்ல, நீங்கள் விழுந்த இடம். ஒரு நொடிக்குள் 8 நாட் கூடினால் எந்த எண்ணாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். நல்ல கருவிகள் ஒவ்வொரு புள்ளியோடும் எத்தனை கோள் தெரிந்தன, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் எழுதி வைக்கும். கோள் எண்ணிக்கை சட்டென்று சரிந்த இடத்து எண்ணைத் தள்ளிவிடுங்கள்.

ஒற்றை உச்சத்தைவிடச் சராசரி மேல். உலகம் முழுக்க வேகக்காரர்கள் ஒப்பிடுவது 2 நொடி, 10 நொடியில் சிறந்த ஐந்து ஓட்டங்கள், ஒரு கடல் மைல், ஒரு மணி நேரம் என்று பல அளவுகளில். ஆல்ஃபா 500 என்றும் ஒன்று உண்டு. போய், திரும்பி, புறப்பட்ட கோட்டுக்கு 50 மீட்டருக்குள் வந்து சேர வேண்டும், மொத்த ஓட்டமும் 500 மீட்டருக்குள் அடங்க வேண்டும். திருப்பத்தையும் சேர்த்து அளப்பதால் மணிக்கட்டு வாட்சின் பவிசு அதில் நன்றாக வெளுத்துவிடும். புதியவர்கள் 10 நொடிச் சராசரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் பொய் அவ்வளவாக நிற்காது. ஒரு அளவுகோலுக்குச் சொல்கிறேன்: 2015-ல் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் ஆன்டுவான் அல்போ 500 மீட்டர் தூரத்துக்கு எடுத்த சராசரி 53.27 நாட், அதாவது மணிக்கு 98 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் வாட்ச் 45 காட்டினால் வாட்சைத்தான் விசாரிக்க வேண்டும்.

பதிவான கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போதும் கவனம். ஜிபிஎக்ஸ் கோப்பாக மாற்றினால் பல சமயம் இடம் மட்டும் மிஞ்சி டாப்ளர் வேகம் போய்விடும். கருவி எழுதிய மூலக் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தலைக்குப் பக்கத்தில் போகிறது. அதனால்தான் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தக் கோட்டையொட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில், முக்கியமாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், மேல்வளிமண்டலம் கலங்கி ஜிபிஎஸ் சிக்னல் மினுக்கும். இருட்டிய பிறகு யாரும் பாய் ஓட்டுவதில்லை, அதனால் நமக்குக் கவலை இல்லை. சாயங்காலம் மொட்டைமாடியில் கருவியைச் சோதித்துவிட்டு, கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

கடைசி வேலை

கரைக்கு வந்ததும் பதிவை நிறுத்தி, உறையோடு நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, அப்புறம் உறையைத் திறங்கள். சார்ஜ் செய்யும் பின்களில் உப்பு உட்கார்ந்தால் பச்சை பூத்து ஒரு சீசனில் கருவி போய்விடும். நன்றாக உலர்ந்த பிறகுதான் சார்ஜில் போட வேண்டும். அன்றைய எண்ணைக் குறித்து வைக்கும்போது தேதி, பாயின் அளவு, காற்று இவற்றோடு கருவியை எங்கே கட்டியிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். புஜத்தில் எடுத்த 24-ஐ மணிக்கட்டில் எடுத்த 26-ஓடு வைத்து ஒப்பிட முடியாது. நண்பரிடம் இரண்டாவது கருவி இருந்தால் ஒரு நாள் கடன் வாங்கி, இரண்டு புஜத்திலும் ஒவ்வொன்று கட்டி ஓடிப் பாருங்கள். 10 நொடிச் சராசரியில் இரண்டும் அரை நாட்டுக்குள் ஒத்துப்போனால் உங்கள் கட்டு சரி. விலகினால் முதலில் பட்டியைப் பாருங்கள், கருவியை அப்புறம் பார்க்கலாம்.